வக்கீல் விலகிவிட்டார், வழக்கை நானே நடத்தலாமா?

கேள்வி: நான் ஒரு சிறு நகரத்தில் தையற்கடை நடத்துகிறேன். 2021 மார்ச் மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு 2,50,000 ரூபாய் கடன் கொடுத்தேன். அதில் 1,50,000 ரூபாயை என் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன். மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். அன்றே புரோநோட்டும் எழுதி வாங்கினேன். பணம் வராததால் வக்கீல் நோட்டீசு அனுப்பினேன், பதில் இல்லை. 2024 பிப்ரவரியில் எங்கள் ஊர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். எதிருரையில் அவர், "கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் வாதி நடத்திய சீட்டில் சேர்ந்தபோது ஈட்டுக்காக வெற்றுப் புரோநோட்டில் போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. வங்கியில் வந்தது சீட்டு எடுத்த பணம்" என்கிறார். நான் சீட்டே நடத்தியதில்லை. இதற்கிடையில் என் வக்கீலோடு மனத்தாங்கல் ஏற்பட்டு அவர் விலகிவிட்டார். பாக்கி ஃபீஸைக் கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்கிறார். வழக்கு வாதி தரப்புச் சாட்சியத்துக்காகப் போடப்பட்டிருக்கிறது. இனி நானே நடத்த முடியுமா? கோர்ட் நடைமுறையை எங்கே, எப்படிக் கற்றுக்கொள்வது? ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலரான என் அண்ணன் எனக்காகப் பேசலாமா? பிரதிவாதி அவகாசம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் என் செல்போனில் இருக்கின்றன, அவை செல்லுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடத்தலாம். கட்சிக்காரர் தாமே நேரில் தோன்றலாம், அதிகாரம் பெற்ற முகவர் மூலம் தோன்றலாம், வக்கீல் மூலமும் தோன்றலாம் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை (விதிகளின் ஒரு தொகுதி), முதல் விதி மூன்று வழிகளையும் திறந்தே வைத்திருக்கிறது. உங்கள் வழக்கு நடப்பது தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றம் ஒன்றில் என்பதால் மொழியும் தடையில்லை. மனு, வாக்குமூலம், வாதம் எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கோர்ட் நடைமுறை முழுவதையும் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். 1908-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 158 பிரிவுகளும், முதல் அட்டவணையில் 51 கட்டளைகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை வக்கீல்களாகிய நாங்களே தேவை வரும்போதுதான் புரட்டுகிறோம். உங்கள் வழக்கில் வழக்குரை (உங்கள் மனு), அழைப்பாணை, எதிருரை, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) என்ற முற்பகுதி முடிந்துவிட்டது. இனி மிச்சமிருப்பவை சாட்சியம், வாதம், தீர்ப்பு ஆகிய மூன்றுதான். ஆகவே நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியவை 9, 13, 16, 17, 18 ஆகிய கட்டளைகள் மட்டுமே. 6, 7, 8 ஆகியவற்றை ஒரு முறை வாசித்தால் போதும். இவற்றை இரண்டு வாரத்தில் எவரும் படித்துவிடலாம். அதைவிட முக்கியமான புத்தகம் உங்கள் வழக்குக் கட்டுதான். தன் வழக்குரையின் எந்தப் பத்தியில் எது இருக்கிறது, எதிருரையின் எந்தப் பத்தி அதை மறுக்கிறது, எது மறுக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய கட்சிக்காரர், கட்டைப் புரட்டாமல் வந்து நிற்கும் வக்கீலைவிட நன்றாகவே வழக்கு நடத்துவார்.

எனவே முதலில் கட்டு. உங்கள் வக்கீல் "விலகிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்வார்த்தையாக விலகினாரா, நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்து விலகினாரா என்று முதலில் பாருங்கள். 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதியின்படி ஒருமுறை தாக்கலான வக்காலத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலம் முடித்துவைக்கப்படும்வரை நடப்பிலேயே இருக்கும். அது நடப்பில் இருக்கும்வரை நீங்கள் எழுந்து பேசினால், "உங்கள் வக்கீல் எங்கே?" என்ற கேள்விதான் மேடையிலிருந்து வரும். ஆகவே அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வக்காலத்தை முடித்துக்கொண்டு நேரில் நடத்த அனுமதி கோரும் மனுவை நீங்களே கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: பாக்கி இருந்தால் அதைத் தனியே வசூலிக்கலாம், கட்சிக்காரரின் ஆவணங்களை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது. இதைக் குறிப்பிட்டு, கட்டைத் திருப்பித் தருமாறு சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் மரியாதையான கடிதம் ஒன்றை அனுப்புங்கள். பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். உங்களுக்கு இப்போது தேவை சண்டையல்ல, காகிதங்கள். அவற்றில் பெரும்பாலானவை நீதிமன்றத்திலேயே இருக்கின்றன. நகல் மனுப் போட்டு வழக்குரை, எதிருரை, எழுவினாக்கள், வழக்குரையோடு தாக்கலான ஆவணப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கிவிடுங்கள். அப்படி வாங்கும்போது ஒன்றை மட்டும் கண்ணாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்: புரோநோட்டின் அசல் நீதிமன்றக் கட்டில் இருக்கிறதா, வக்கீலின் அலமாரியில் இருக்கிறதா? அசல் இல்லாமல் இந்த வழக்கில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

அசலைப் பார்க்கும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டப்பட்டு, கையெழுத்து அதன் மேல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு பல ஆவணங்களில் முத்திரைத் தீர்வைக் குறைபாட்டை அபராதம் கட்டிச் சரிசெய்துவிடலாம். முத்திரையில்லாத புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது, அதைச் சாட்சியத்தில் ஏற்கவே முடியாது. காலவரையறையைப் பற்றிக் கவலை வேண்டாம். கேட்டபோது தரும் புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. உங்களுடையது அதற்குள்ளேயே தாக்கலாகியிருக்கிறது. கொரோனா காலத்தை முன்னிட்டு 28-02-2022 வரையிலான நாள்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து நீக்கியதும் உங்களுக்கு உபரிச் சாதகம்.

அடுத்தது, நாள். வழக்கின் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியைப் பாருங்கள். ஆனால் செயலியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வாய்தாவிலும் மேடையிலிருந்து சொல்லப்படும் தேதியை நோட்டில் எழுதி, பெஞ்ச் கிளார்க்கிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும்போது நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டும். தேநீர்க் கடையில் இருந்தேன், கழிப்பறைக்குப் போயிருந்தேன் என்பதெல்லாம் கட்டில் ஏறாது. "வாதி இல்லை" என்பதுதான் ஏறும். வாதி வராமல் பிரதிவாதி மட்டும் வந்திருந்தால் 9-ஆம் கட்டளை, 8-ஆம் விதியின் கீழ் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். அப்படித் தள்ளுபடியானால் அதே வழக்குமூலத்தின் (வழக்குக்கான காரணத்தின்) மேல் புதிதாக வழக்குப் போட முடியாது. 30 நாளுக்குள் காரணம் காட்டி, தள்ளுபடி உத்தரவை நீக்கக் கோரி மனுச் செய்வதுதான் வழி. தாமே வழக்கு நடத்தியவர்கள் தோற்ற வழக்குகளில், சட்டம் தெரியாமல் தோற்றதைவிட ஒரு வாய்தாவைத் தவறவிட்டுத் தோற்றதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உடல்நலம் சரியில்லையென்றால், மருத்துவச் சான்றோடு வாய்தா கோரும் மனுவை அன்று காலையே யார் மூலமாவது நீதிமன்றத்துக்குச் சேர்ப்பியுங்கள்.

எங்கே கற்பது என்று கேட்டிருந்தீர்கள். அதே நீதிமன்ற அறையில், உங்கள் வழக்கு இல்லாத நாள்களில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். விசாரணை பொது விசாரணைதான், யாரும் தடுக்க மாட்டார்கள். வேறு ஏதேனும் புரோநோட்டு வழக்கில் வாதியைக் குறுக்கு விசாரணை செய்வதை முழுதாகக் கேளுங்கள். வக்கீல் கேள்வி கேட்பதும், சாட்சி பதில் சொல்வதும், அதை நீதிபதி எப்படிச் சுருக்கித் தட்டச்சருக்குச் சொல்கிறார் என்பதும் மூன்று தனித்தனி விஷயங்கள் என்பது அங்கேதான் புரியும். கடைசியில் கட்டில் நிற்பது அந்த மூன்றாவதுதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரி மனுக்களை நம்பிப் போகாதீர்கள். அவற்றில் பல வேறு மாநிலத்தவை, சில காலாவதியானவை.

இனி, சாட்சியம். உங்கள் முதல் விசாரணை (உங்கள் தரப்பை நீங்களே சொல்லும் சாட்சியம்) வாய்மொழியாக நடக்காது. 18-ஆம் கட்டளை, 4-ஆம் விதியின்படி நீங்கள் அதை நிரூபண வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நகலை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாக்குமூலத்தில் புதுக்கதை எதுவும் வரக்கூடாது: வழக்குரையில் சொல்லாத ஒன்றைச் சாட்சியத்தில் சொன்னால் அதை நீதிமன்றம் பொருட்படுத்தாது என்பதோடு, "வழக்குரையில் இதைச் சொல்லவில்லை, இப்போது ஜோடிக்கிறீர்கள்" என்ற கேள்விக்கும் நீங்களே வழி அமைத்துக் கொடுத்ததாக ஆகும். அதே வேளையில் வழக்குரையின் வரிகளை அப்படியே எடுத்து எழுதினாலும் போதாது. எந்தத் தேதி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், வங்கியிலிருந்து எத்தனை மணிவாக்கில் பணம் போனது, ரொக்கம் எங்கிருந்து வந்தது, புரோநோட்டை எழுதியவர் யார், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று நிகழ்ந்த வரிசையில், ஒரு பத்திக்கு ஒரு செய்தியாக எழுதுங்கள். பின்னர் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்து, அந்த வாக்குமூலம் உங்களுடையதுதான் என்று சொன்ன பிறகு ஆவணங்கள் வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம்), வா.சா.ஆ.2 என்று குறியீடு செய்யப்படும். நீங்கள் வா.சா.1, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சி, ஆவீர்கள். கட்சிக்காரர் சாட்சி சொல்வதாக இருந்தால் தம் தரப்பின் மற்றச் சாட்சிகளுக்கு முன்பே கூண்டேற வேண்டும் என்பது விதி. ஆகவே, "முதலில் சாட்சிகளை விசாரியுங்கள், நான் அப்புறம்" என்று ஒதுங்க முடியாது.

உங்கள் பக்கத்தின் பெரிய பலம், கையெழுத்தை அவரே ஒப்புக்கொண்டதுதான். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 118-ஆம் பிரிவின்படி, புரோநோட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது என்று நிலைநாட்டப்பட்டால் அது கைம்மாறு (பதிலுக்குப் பணமோ பொருளோ) பெற்றே எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். வெற்றுத் தாளில் முத்திரையோடு கையெழுத்திட்டுக் கொடுத்தவர் அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் முதல்நோக்கில் கொடுத்தவராகிறார் என்று 20-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் இந்த அனுமானம் உடைக்கக்கூடியது. பாரத் பேரல் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, கைம்மாறு இருந்திருக்க வாய்ப்பில்லை அல்லது ஐயத்துக்குரியது என்ற அளவுக்குப் பிரதிவாதி காட்டிவிட்டால், நிரூபிக்கும் சுமை உங்கள் தோளுக்குத் திரும்பிவிடும். அப்படிக் காட்டுவதற்கு அவர் தனியாகச் சாட்சி கொண்டுவர வேண்டும் என்பதுகூட இல்லை. உங்கள் குறுக்கு விசாரணையில் உங்கள் வாயிலிருந்து வரும் பதில்களே போதும்.

எனவே அந்தக் குறுக்கு விசாரணையில் வரப்போகும் கேள்விகளை இப்போதே எதிர்பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்பது நிச்சயம் வரும். கடைச் சேமிப்பு என்றால் அந்த மாதத்து வங்கிப் புத்தகத்தில் பணம் எடுத்த வரி இருக்கிறதா, நகைக்கடன் வாங்கியிருந்தால் ரசீது இருக்கிறதா என்று தேடி எடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று, நீங்கள் கடன் கொடுத்தபோது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவு சொன்னதைக் காட்டிக் கடனே செல்லாது என்று வாதிடுவார்கள். அதை மீறினால் வரித்துறை அபராதம் விதிக்கலாமே தவிர, கடன் சட்டப்படி வசூலிக்க முடியாததாகிவிடாது என்று காசோலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் கூறியிருக்கிறது. "நீங்கள் வட்டித் தொழில் செய்கிறீர்கள், லைசென்ஸ் இல்லை" என்று 1957-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தை முன்வைத்தும் கேட்பார்கள். தெரிந்தவருக்கு ஒருமுறை கடன் கொடுத்தது தொழில் ஆகாது. ஆனால் வேறு யாருக்கேனும் கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தது வெளிப்பட்டால் மற்றப் பதில்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பதில் சொல்லும் முறையும் இருக்கிறது. கேள்வி முடியும்வரை காத்திருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்துப் பேசாமல் நீதிபதியைப் பார்த்துப் பேசுங்கள். "ஐயா" அல்லது "அம்மா" என்பதே போதுமான மரியாதை. எழுதப்பட்ட வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்து, நீங்கள் சொன்னதற்கு மாறாக ஏதேனும் இருந்தால் கையெழுத்திடும் முன்பே பணிவாகத் திருத்தம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்பது வேறு கதை.

வாட்ஸ்அப் செய்திகளுக்கு வருகிறேன். அவை செல்லும், ஆனால் இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, அவை வழக்குரையோடு தாக்கலாகவில்லையென்றால், 7-ஆம் கட்டளை, 14(3)-ஆம் விதியின் கீழ் அவற்றை இப்போது ஏற்றுக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். முன்பே ஏன் தாக்கல் செய்யவில்லை என்பதற்கான காரணத்தை உள்ளபடியே எழுதுங்கள். இரண்டாவது, மின்னணுச் சான்றிதழ். 01-07-2024 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்திருக்கிறது. அதனால் பலர் உங்களிடம் புதுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய 1872-ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்கிறது என்று புதுச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கூறுவதால், 2024 பிப்ரவரியில் தாக்கலான உங்கள் வழக்குக்கு அந்தப் பழைய சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழே பொருத்தமானது. செல்போன் உங்களுடையது என்பதால் சான்றிதழிலும் நீங்களே கையெழுத்திடலாம்: எந்த போன், எந்த எண், எப்படி அச்செடுத்தீர்கள் என்பதை அதில் சொல்ல வேண்டும். போனையே நீதிமன்றத்தில் முன்வைத்து, அதன் உரிமையாளராக நீங்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியிருக்கிறது. ஆனாலும் இரண்டையும் செய்துவிடுவதே பத்திரம். வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், "ரீசெட்" செய்யாதீர்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் செயலியிலிருந்து அச்செடுத்துக் கொடுக்காமல், 1891-ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகங்கள் சாட்சியச் சட்டப்படி கிளை மேலாளர் சான்றிட்டுக் கொடுக்கும் நகலாகவே வாங்குங்கள்.

புரோநோட்டை எழுதியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் உயிரோடு இருந்தால், அவர்களில் ஒருவரையாவது வா.சா.2 ஆக விசாரியுங்கள். பிரதிவாதி சொல்வது வெற்றுத்தாள் கதை. தாள் அன்று நிரம்பியிருந்தது என்று சொல்லக்கூடியவர் அதை எழுதியவர்தான். அவர் தாமாக வர மறுத்தால் 16-ஆம் கட்டளையின் கீழ்ச் சாட்சிப் படியை (சாட்சி வந்துபோகும் செலவை) நீதிமன்றத்தில் கட்டி அழைப்பாணை அனுப்பலாம்.

உங்கள் அண்ணனைப் பற்றி. அவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் உங்கள் முகவராக மனுத் தாக்கல் செய்யலாம், வாய்தாவுக்கு வரலாம், நகல் வாங்கலாம். ஆனால் வாதிடுவது வக்கீல்களுக்கு உரிய தொழில். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட வழக்கில் நீதிமன்றமே அனுமதித்தாலன்றி அவர் எழுந்து வாதிட முடியாது. உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்வது அதைவிட ஆபத்து: கட்சிக்காரருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களை முகவர் கூண்டேறிச் சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கட்சிக்காரரே கூண்டேறாமல் ஒதுங்கினால், அவர் வழக்கு உண்மையல்ல என்று அனுமானிக்கலாம் என்பது வித்யாதர் வழக்கில் 1999-இல் சொல்லப்பட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள்; நாளை பிரதிவாதி கூண்டேறாவிட்டால் அது உங்களுக்கே உதவும். கிராமக் கணக்கு எழுதிப் பழகிய அண்ணனின் கை, கட்டை ஒழுங்காக அடுக்கிவைக்கவும் தேதி வரிசைப் பட்டியல் தயாரிக்கவும் பயன்படட்டும்.

பிரதிவாதி கூண்டேறினால் குறுக்கு விசாரணை செய்யும் முறை உங்களுடையது. இதுதான் வக்கீலல்லாதவர்களுக்கு மிகக் கடினமான இடம், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கே கேள்வி கேட்காமல் சண்டை போடுகிறார்கள். "கடவுளுக்குப் பொதுவாகச் சொல்லுங்கள், நீங்கள் வாங்கவில்லையா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதில்தான் கட்டில் ஏறும், உங்கள் கண்ணீர் ஏறாது. ஒரு கேள்விக்கு ஒரு செய்தி. அதற்கு ஆம் அல்லது இல்லை என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி கூடவே கூடாது. அவருடைய சீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் மொத்தம் எத்தனை பேர், மாதத் தவணை எவ்வளவு, எந்த மாதம் தொடங்கியது, எத்தனையாவது மாதம் சீட்டு எடுத்தார், தவணை கட்டியதற்கு ஏதேனும் குறிப்பு உண்டா, உடன் சீட்டுப் போட்ட ஒருவரையாவது சாட்சியாக அழைத்திருக்கிறாரா என்று சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். எதிருரையில் இவற்றில் எது சொல்லப்படவில்லையோ, "இந்த விவரத்தை எதிருரையில் சொல்லவில்லை" என்பதை ஒப்புக்கொள்ள வையுங்கள். சீட்டு முடிந்தபின் கையெழுத்திட்ட தாளைத் திருப்பிக் கேட்டுக் கடிதமோ புகாரோ கொடுத்தாரா, வக்கீல் நோட்டீசு கிடைத்ததா, கிடைத்தும் பதில் அனுப்பவில்லைதானே என்ற வரிசை அடுத்தது. நோட்டீசுக்குப் பதில் சொல்லாதவர் வழக்கு வந்தபின் புதிதாக ஒரு கதை சொல்வது நீதிமன்றங்கள் எளிதில் நம்பாத ஒன்று. அதனால் ஒப்புகை அட்டையைத் தவறாமல் குறியீடு செய்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, அந்த எண் அவருடையதுதானா என்பதில் தொடங்குங்கள்.

கடைசியில், மறுப்பார் என்று தெரிந்தாலும், உங்கள் வழக்கை அவரிடம் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். "நீங்கள் 2,50,000 ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு, அதைத் தராமல் இருப்பதற்காகச் சீட்டு என்று பொய் சொல்கிறீர்கள்" என்பீர்கள்; "நான் கடன் வாங்கிக்கொண்டு பொய்யாகச் சீட்டு என்று சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல" என்று அது பதிவாகும். அந்த "சரியல்ல" என்ற சொல்லைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அது வெறும் பதிவு முறை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், "என் கட்சிக்காரரின் சாட்சியம் மறுக்கப்படவே இல்லை" என்று வாதத்தின்போது எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். வாதத்தைப் பொறுத்தவரை, வாய்மொழியாகத் திணற வேண்டியதில்லை. 18-ஆம் கட்டளை எழுத்து மூல வாதத்தை அனுமதிக்கிறது. எழுவினா ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் ஆவண எண்ணையும் வாக்குமூலத்தின் பக்கத்தையும் குறித்து நான்கைந்து பக்கத்தில் கொடுத்தால் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்கிறேன்: வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதால் இந்த முடிவா, வக்கீல்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதாலா? பணம்தான் காரணம் என்றால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரப்படும். உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். என் சொந்த அபிப்பிராயம், வாக்குமூலம் தயாரிப்பதுவரை எல்லா வேலையையும் நீங்களே செய்துகொண்டு, பிரதிவாதியைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டத்துக்காவது அங்கிருந்து ஒருவரை வக்காலத்துப் போட வையுங்கள் என்பதுதான். கட்டை இந்த அளவுக்குப் படித்த கட்சிக்காரர் கிடைத்தால் எந்த வக்கீலும் மகிழ்வார். நம்பிக்கைதான் போயிற்று என்றால், நான் வற்புறுத்த மாட்டேன்.

சமரசத்துக்கு எதிர்த்தரப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நீங்கள் கட்டிய 3 சதவீத நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அந்தக் கட்டணம் திரும்ப உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. தவணையாகத் தருகிறேன் என்று அவர் சொன்னால், ஒரு தவணை தவறினாலும் முழுத்தொகையையும் உடனே வசூலிக்கலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், அன்றே தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் நகல் மனுப் போட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நகல் தயாராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நாள்கள் அந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படும், ஆனால் மனுப் போடாமல் கழித்த நாள்கள் கழிக்கப்படா. வென்றால் பணம் தானாக வீடு தேடி வராது, நிறைவேற்றுதல் மனு என்று தனியாக ஒன்று போட வேண்டும். அதற்கு 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. பிரதிவாதிக்குச் சம்பளம் உண்டா, சொந்தப் பெயரில் வீடு நிலம் உண்டா என்ற விவரங்களை இப்போதிருந்தே சேகரித்து, வில்லங்கச் சான்று ஒன்றும் போட்டு வையுங்கள். வழக்கு நடக்கும்போதே அவர் சொத்தை விற்க முனைவதாகத் தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கோர 38-ஆம் கட்டளையில் இடம் இருக்கிறது.